பூச்சி வரும் வசனம்

2024 நவம்பர் 16, மலேசியாவின் அலோர் காஜா. அன்னாள் தேவசகாயம் முந்தின நாள் இறந்துபோனார். மதிய வெயில் சன்னல் கம்பிகளின் நிழலை அவருடைய கல்யாணச் சேலைமேல் கிடத்தியிருக்கிறது. அடக்கத்தன்று உடுத்தவென்றே அவர் அலமாரியில் வைத்திருந்த வெள்ளைப் பட்டு அது. மகள் எப்சிபா மடிப்பைப் பிரிக்கிறாள். பூச்சி அரித்த ஓட்டைகளில் அவள் விரல்கள் தெரிகின்றன. வெளியே லாரியிலிருந்து நாற்காலிகளை இறக்கும் சத்தம்.

“ஓட்டையோடயா அத்தான்? ஆளுங்க பார்ப்பாங்க லா,” என்கிறார் சித்தி.

“அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன். அதையே கட்டுங்க,” என்று அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்கிறார்.

கூடத்தில் பாஸ்டரின் மடியில் வேதம் திறந்திருக்கிறது. பக்கத்தைப் பார்த்ததும் எப்சிபா குனிகிறாள். “பாஸ்டர், பூமியில சேர்த்து வைக்கிறதப் பூச்சி அரிக்கும்னு வருமே, அது மட்டும் இன்னிக்கு வேணாம். அப்பா தாங்க மாட்டாரு.”

“உங்கம்மா கேட்ட வசனம்மா இது. ஆஸ்பத்திரியில என்கிட்ட சேலையைச் சொல்லிச் சிரிச்சாங்க. ‘பூச்சி எனக்கு முந்திக்கிச்சு பாஸ்டர்’னாங்க.”

விசிறிக் காற்றில் வேதத்தின் தாள் ஒன்று எழுந்து எழுந்து படிகிறது.

அடக்க ஆராதனையில் பாஸ்டர் அந்த வசனத்தையே வாசிக்கிறார். அப்பா சவப்பெட்டியருகே நின்று கேட்கிறார். பிறகு பெட்டியை மூடுகிறார்கள்.