தாராளமா வரும்

"சிலிண்டரு எத்தினி நாளுக்கு வரும்?" என்று கேட்டாள் ராஜாமணி. சாயங்காலம் மகள் கலைப்பிரியாவைப் பெண் பார்க்க மரக்காணத்திலிருந்து பன்னிரண்டு பேர் வருகிறார்கள். கேசரி, பஜ்ஜி எல்லாம் இனிமேல்தான் ஆக வேண்டும்.

ஆபீஸிலிருந்து லீவில் வந்திருந்த அவள் கணவர் வேணு சிலிண்டரை ஆட்டிப் பார்த்தார். "இருபது நாளு தாராளமா வரும்."

"ஈரத்துணியால துடைச்சிப் பாருங்க. கேஸ் இருக்கிற மட்டம் வரைக்கும் ஈரம் சீக்கிரம் காயாது."

"கணக்கு போட்டுச் சொல்றேன், துணியக் காட்டிக்கினு இருக்கியே!"

இருபத்தைந்து வருடமாக அவருடைய கணக்கைப் பொய்யென்று சொல்லவும் அவளுக்கு மனம் வந்ததில்லை, நம்பவும் வந்ததில்லை. கொல்லை அடுப்பருகே ஒரு கட்டு சவுக்கு விறகை எடுத்து வைத்தாள்.

முதல் பஜ்ஜி சிவப்பதற்குள் கேஸ் தீர்ந்தது. இருவரும் கொல்லைக்கு ஓடினார்கள். வேணு புகையில் இருமிக்கொண்டே அடுப்பை ஊதும்போது அவருடைய செல்போன் அடித்தது. மறுமுனைக் குரல் ராஜாமணிக்கும் கேட்டது.

"சார், ஆபீஸ்லேர்ந்து பேசறேன். பூமிக்கடியில பாறைக்குள்ள இருக்கிற ஷேல் கேஸ் பத்தின நம்ம அறிக்கை அச்சுக்குப் போகுது. நாட்டுக்கு எத்தனை வருஷம் வரும்னு நீங்க இன்னும் சொல்லலியே?"

வேணு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நாப்பது வருஷம் தாராளமா வரும்னு போடுப்பா."

ராஜாமணி மறுநாளே ஒரு வண்டி சவுக்கு விறகுக்குச் சொல்லிவிட்டாள்.