புருவத்து வெட்டு

குரோம்பேட்டையில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் சிறிய அறை. மேசை மேல் கேபிளோடு கிடக்கும் செல்போன் ஓயாமல் அதிர்கிறது. கடலுக்குப் போய்த் திரும்பாத துரையைத் தேடிக் காக்கிநாடா போகிற உறவுக்காரர்கள், அவருடைய படத்துக்காக ரயில் நிலையத்தில் காத்திருக்கிறார்கள். துரையின் மனைவி கொண்டுவந்த அந்த போனில், ஒரு கல்யாணப் பந்தியில் எடுத்த வீடியோவில் அவர் ஒரு கணம் திரும்பிப் பார்க்கிறார். எடிட் செய்யும் சுஃபியான் அந்த முகத்தைப் பெரிதாக்கப் பெரிதாக்க, அது கட்டம் கட்டமாக உடைகிறது. மவுஸ் டக் டக்கென்கிறது. கட்டங்கள் கரைகின்றன, கன்னம் வெளுத்து வழவழக்கிறது. மனைவி முத்தாலம்மாள் உட்காராமல் எட்டிப் பார்க்கிறாள். "இன்னா பாய், எங்கூட்டுக்காரர புது மாப்ளையாக்கிட்ட? புருவத்துல வெட்டு எங்க?" சுஃபியானின் விரல் நிற்கிறது. கல்யாண முகங்களுக்குப் போடும் மெருகைப் பழக்கத்தில் போட்டுவிட்டான். "சாரிக்கா," என்று போட்ட மெருகையெல்லாம் ஒவ்வொன்றாக நீக்குகிறான். மூக்கும் வாயும் மறுபடி கட்டங்களுக்குள் போய்விட, புருவத்தின் குறுக்கே சில கறுப்புச் சதுரங்கள் சாய்வாக வந்து நிற்கின்றன. "கண்ணே தெரியலியேக்கா." "தெரிய வேணாம். அந்த வெட்டப் பாத்தாலே அங்க ஹார்பர்ல கீறவன் அவருதான்னு சொல்லிடுவான். இத்தையே போடு." பிரிண்டர் உறுமுகிறது. முதலில் நெற்றி வருகிறது, பிறகு புருவம். மீதி முகம் வருமுன்பே அவள் காகிதத்தின் நுனியைப் பிடித்துக்கொள்கிறாள்.