எதிர்கொண்டு போனவள்

ஏரி மதகில் பிறந்து கடலில் முடிகிற அந்த ஆறு, வாயில் போட்ட வெற்றிலையைத் துப்புவதற்குள் அதன் முழு நீளத்தையும் நடந்து கடந்துவிடக்கூடிய அளவுக்குச் சின்னது. ஏரியில் மூழ்கியவர்களை யாரும் ஏரியில் தேடுவதில்லை. முகத்துவாரத்தில் போய் நிற்பார்கள். ஆறு கொண்டுவந்து சேர்த்துவிடும். ஏரியில் வலை வீசப் போய்த் திரும்பாத புருஷனுக்காக அஞ்சுகமும் அங்கேதான் நின்றாள், அவனைப் போர்த்த ஒரு புது வேட்டியோடு. மூன்றாம் நாள் தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கி, மணல் தெரிந்தது.

"மதகை அடைச்சிட்டாங்க அண்ணி. கோடைக்குத் தண்ணி வேணுமாம்," என்றான் கொழுந்தன்.

"உங்கண்ணன் வர்ற வழியாச்சே தம்பி அது."

"இனிமே எங்க வரப்போறாரு? வாங்க, வீட்டுக்குப் போவலாம்."

"பாதி தூரம் வந்திருப்பாரு. நான் எதிர்ல போய்ப் பாக்கறேன்."

ஆற்றுக்குள்ளேயே நடந்தாள். குட்டைகளில் மீன்கள் வாய் பிளந்து கிடந்தன. ஒவ்வொரு குட்டையிலும் குனிந்து பார்த்தாள். மதகு வந்துவிட்டது.

"மேல ஏறி வாம்மா. தொறக்க எனக்கு உத்தரவில்ல," என்றார் மதகுக்காரர் தணிகாசலம்.

"தொறக்க வேணாம்ணே. உள்ளதான் இருக்காரான்னு மட்டும் பாத்துக்கறேன்."

இரும்புப் பலகையில் காதை வைத்தாள். அந்தப் பக்கம் முழு ஏரியும் நின்றுகொண்டிருந்தது. ஏதோ ஒன்று மெல்ல வந்து இடித்தது. விலகியது. மறுபடியும் இடித்தது.

"கட்டையா இருக்கும்மா," என்றார் அவர், அவளைப் பார்க்காமல்.

அஞ்சுகம் வேட்டியைப் பிரித்து, பலகை இடுக்கில் கசிந்த தண்ணீரைத் தலை துவட்டுவதுபோல் ஒற்றியெடுக்கத் தொடங்கினாள்.