நாலாவது மனு

"கலெக்டர் அய்யா, எம் மகளக் காப்பாத்துங்கய்யா!"

கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்த மொக்கம்மாள், மேசைக்கு முன்னால் தடாலென்று விழுந்தாள். கலெக்டர் பதறி எழுந்ததில் நாற்காலி சாய்ந்தது. பின்னால் நின்ற டவாலி சேவகன் வாயைப் பிளந்தான்.

"எந்திரிம்மா. யாரு நீ?"

"மேகமலை எஸ்டேட்டு, பத்தாம் நம்பர் லைன் வீடு, மொக்கம்மா." எழுந்து நின்று அதையே இன்னொரு தரம் உரக்கச் சொன்னாள். கும்பிட்ட கை கலெக்டர் பக்கம் இருந்தது. முகம் என்னவோ சற்றே இடப்பக்கம் திரும்பியிருந்தது.

"மூத்தவளுக்கு நட்ட நடு மழையில வலி வந்துச்சு. கம்பளியில கட்டித் தூக்கிட்டு எறங்குனோம். பாதி மலையிலயே புள்ளையோட போயிட்டா. இப்ப சின்னவ பவுனுக்கு இதுதான் மாசம். மேல ஒரு நர்சம்மாவப் போடுங்கய்யா. தேயிலை லாரி வர்ற அன்னைக்குப் பாத்தா வலி வரும்?"

மனுவை நீட்டினாள். கலெக்டர் வாங்கிக்கொண்டார். பாவம், வாங்கி அவர் என்ன செய்ய? அவர் கலெக்டரே இல்லை. மெட்ராசிலிருந்து வந்த நடிகர் ஜேசுராஜ்.

மார்க்கையன்கோட்டைப் பள்ளிக்கூட மைதானத்தில் டிவி நாடகம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சாயம் பூசிய திரைக்கு முன்னால் நின்று வசனம் ஒப்பிப்பதுதான் டிவி நாடகம் என்றிருந்த எண்பத்தாறாம் வருஷம் அது. கேமராவை ஊருக்குள் தூக்கி வந்த முதல் டைரக்டர் ஞானசெல்வி, தேனி பஜார் கடைக்காரர் மகள். மேலிடம் கொடுத்தது மூன்றே நாள். சொதப்பினால் ஆயுசுக்கும் அந்தத் திரைதான் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.

இன்று மூன்றாம் நாள். மனு கொடுத்து அழவேண்டிய துணை நடிகை பதினோரு தடவை அழுதும், கல்யாண வீட்டில் சந்தனம் கொடுக்கிறவள் மாதிரியே இருந்தாள். மிச்சம் ஒரே ஒரு டேப். வெயிலும் இறங்கிவிட்டது. ஞானசெல்விக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அந்த நேரத்தில்தான் மொக்கம்மாள் வந்து விழுந்தாள். அவளுக்கு இடப்பக்கம் நின்ற கேமராமேன் வீரணன் திகைத்துப்போய்த் திரும்பிப் பார்த்தான். ஓடட்டும் என்று ஞானசெல்வி கை காட்டிவிட்டாள்.

முடிந்ததும் வீரணன் குதிக்காத குறை. "யக்கா, தப்பிச்சோம்! இப்படி ஒரு சீன் தவம் கெடந்தாலும் கெடைக்காது!"

ஞானசெல்விக்கோ, சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது. ஒரு தாயின் வயிற்றெரிச்சலைத் திருடியா பேர் வாங்க வேண்டும்? நேரே போய் மொக்கம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, எங்கள மன்னிச்சிருங்க. அவரு கலெக்டர் இல்ல, நடிக்கிறவரு. இது டிவி நாடகம். உங்க கஷ்டத்த ஊரெல்லாம் வேடிக்கை பாக்க விடமாட்டேன். இப்பவே இத அழிச்சிர்றேன்."

வீரணன் தலையில் கை வைத்தான். "யக்கா, இத அழிச்சா ஒங்க வேலையே போயிரும்!"

"போனாப் போகுது. டேப்ப எடுப்பா."

வீரணன் டேப்பை எடுக்கக் குனிந்தான். மொக்கம்மாள் பாய்ந்து அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அய்யய்யோ, அழிச்சிராதீக தாயி! அவரு வேசம் போட்ட ஆளுன்னு தெரிஞ்சுதான் லாரி பிடிச்சு எறங்கி வந்தேன்!"

"தெரியுமா? அப்புறம் எதுக்கும்மா அவருகிட்டப் போயி...?"

"நெச கலெக்டருக்கு மூணு மனு குடுத்தாச்சு தாயி. மனுவத்தான் படிக்க மாட்டேங்குறாக... டிவியக்கூடவா பாக்க மாட்டாக?"