மூன்றாவது மைக்

"இது என் வயித்துச் சத்தத்தைத்தான் நல்லாப் பிடிச்சிருக்கு அண்ணி," என்றான் எவேலியோ, ஹெட்போனைக் கழற்றியபடி.

ஒலிவா வாங்கிக் கேட்டாள். உண்மைதான். எவேலியோவின் வயிறு இரண்டு முறை பேசியது. அவனுடைய பூட்ஸ் சேற்றிலிருந்து விடுபட்டது. இடையில் எங்கோ ஒரு பறவையும் இருந்தது.

நோட்டில் எழுதினாள்: 'முதல் மைக். சட்டையில் குத்துவது. எண்பதாயிரம் பேசோ. எல்லாப் பக்கத்துச் சத்தமும் வருகிறது.'

விடியும் நேரத்தில் மூன்று மைக்குகளையும் மலை விளிம்பில் ஒரே மரத்தில் கட்டி, பள்ளத்தாக்கின் எதிர்க்கரையைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார்கள். இரண்டு மணி நேரம் பனிமூட்டத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்ததில் வெறும் காதுக்கு ஒன்றும் எட்டவில்லை. இப்போது சமையலறையில் அரேபா என்னும் சோள ரொட்டியைச் சுட்டுக்கொண்டே பதிவுகளைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர்களுக்கு வேண்டியது ஒரே ஒரு பறவை. சாம்பல் தொரொரோய். தன் பெயரையே கூவும். தரையில் நடக்கும். திறந்தவெளியைக் கண்டால் திரும்பிப் போய்விடும். அந்தப் பள்ளத்தாக்கு வழியாகச் சாலை போட மாகாண அலுவலகம் முடிவு செய்திருந்தது. தொரொரோய் அங்கே இருக்கிறது என்பதற்குத் திங்கட்கிழமைக்குள் ஒலிப்பதிவு கொடுத்தால் சாலை மலையைச் சுற்றிப் போகும். இல்லாவிட்டால் காட்டை இரண்டாக வெட்டிக்கொண்டு போகும்.

ஒரு பதிவு ஏற்கெனவே இருந்தது. பதினோரு வருடத்துக்கு முன் ஒலிவாவின் கணவர் இசிதோரோ எடுத்தது. அந்தப் பறவையின் குரலுக்கு உலகத்தில் இருக்கும் பதிவு அது ஒன்றுதான். இணையத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். பழைய பதிவு செல்லாது என்றது அலுவலகம். வேண்டுமானால் இசிதோரோ நேரில் வந்து விளக்கட்டும் என்றது. அவர் ஆற்றில் போய் நான்கு வருடம் ஆகிறது என்று ஒலிவா எழுதினாள். இறப்புச் சான்றிதழின் நகலை இணைக்கும்படி பதில் வந்தது.

நல்ல மைக்கும் அவரோடு ஆற்றில் போயிருந்தது. அண்ணனுக்குப் பிறகு அண்ணியோடு காட்டுக்குப் போவது எவேலியோவின் வேலையாயிற்று. மலிவில் எது நன்றாகக் கேட்கிறதோ அதைச் சொன்னால் ஆறு மைக் வாங்கித் தருவதாகப் பறவைச் சங்கம் சொல்லியிருந்தது.

இரண்டாவது மைக், கல்யாண வீடியோ எடுப்பவர் ஒருவர் விற்ற நீளமான மைக்.

"மழை பெய்யுது," என்றாள் ஒலிவா.

"காலையில மழையே இல்லையே அண்ணி."

"அப்போ மைக்குக்குள்ள பெய்யுது."

மூன்றாவது எவேலியோவே செய்தது. பழைய டிஷ் ஆன்டெனாவின் நடுவே நாற்பதாயிரம் பேசோவுக்கு வாங்கிய சின்ன மைக். இதில் ஃபுட்பால் மேட்ச்சும் வருமா என்று ஒலிவா இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் அதை ஸ்பீக்கரில் மாட்டினான்.

இலைகளில் நீர் சொட்டியது. கீழே ஓடை ஓடியது. நாற்பதாவது நிமிடத்தில், தூரத்தில், ஆனால் தெளிவாக, அது கூவியது.

தொ-ரொ-ரோய்.

எவேலியோ தொப்பியைக் கழற்றினான். ஒலிவா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எங்கேருந்து?"

"எதிர்க்கரை. நானூறு மீட்டர் இருக்கும்."

"அதேதானா?"

"தன் பேரைத் தானே கூவிக்கிட்டுத் திரியறது வேற யாரு அண்ணி, நம்ம மேயரைத் தவிர?"

'தொரொரோய், ஒன்று' என்று ஒலிவா எழுதினாள். எழுத்து கோணலாக விழுந்தது. எவேலியோ அதற்குள் திங்கட்கிழமைக்குப் போய்விட்டான். வக்கீலுக்குச் சொல்ல வேண்டும், ஆறு டிஷ் தேட வேண்டும், பறவையின் பிறப்புச் சான்றிதழைக் கேட்டாலும் கேட்பார்கள் என்று சொல்லிக்கொண்டே போனான். அரேபா கருகியது. இருவருமே திருப்பிப் போடவில்லை.

ஐந்தாவது முறை கூவிவிட்டுப் பறவை நின்றது. ஒலிவா பதிவை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு அதே எதிர்க்கரையிலிருந்து யாரோ தொண்டையைச் செருமும் சத்தம்.

"அக்டோபர் பதினாலு, ரெண்டாயிரத்துப் பதிமூணு. காலை அஞ்சு அம்பது. சாம்பல் தொரொரோய், ஒண்ணு. பதிவு பண்ணது இசிதோரோ."

எவேலியோ தொப்பியை மறுபடி வைத்துக்கொண்டான்.

"டூரிஸ்ட்டுகளைக் கூட்டிட்டு வந்த வழிகாட்டி எவனோ," என்றான் மெதுவாக. "பறவையைக் கூப்பிட அண்ணனோட பழைய பதிவை ஸ்பீக்கர்ல போட்டிருக்கான். நிஜப் பறவை பதில் சொல்லலை."

ஒலிவா நோட்டில் 'தொரொரோய், ஒன்று' என்பதை அடித்தாள். அதன் கீழே எழுதினாள்: 'மூன்றாவது மைக்கையே வாங்கலாம். நானூறு மீட்டருக்கு அப்பால் பேசினாலும் ஆள் யாரென்று தெரிகிறது.'