பாயசம் வந்த நாள்

“இன்னிக்கு ஒரு நாள் மட்டும் யாரும் என் மானத்தை வாங்கிடாதீங்க” என்றார் மாலதி டீச்சர்.

பிள்ளைகள் தலையாட்டினார்கள். தாராசுரத்தைத் தாண்டி மெயின் ரோட்டை ஒட்டியிருந்த அந்த உண்டு உறைவிடப் பள்ளிக்கு அவர்தான் நிர்வாகி. அப்பா அம்மா இல்லாத பிள்ளைகள், இருந்தும் இல்லாத பிள்ளைகள், எல்லாரும் ஒரே கூடத்தில் நெருக்கியடித்துப் படுத்தார்கள். மாடி கட்டினால்தான் இனி ஒரு பாயாவது விரிக்க முடியும்.

கட்டித் தருகிறேன் என்று சொல்லியிருந்தார் பஞ்சநதம். நிலம் நீச்சு, ரைஸ் மில், சிங்கப்பூரில் மகன் என்று வசதியான மனிதர். இன்று பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட்டுவிட்டு, மாடி வேலைக்கு நாள் குறிப்பதாகப் பேச்சு.

“கவிப்ரியா, பிரார்த்தனை நீதான் சொல்ற. கணீர்னு இருக்கணும். மாடி வந்தாத்தான் உன் தங்கச்சிக்கு இங்க இடம். தெரியுமில்ல?”

தெரியாமல் என்ன? தங்கச்சி மாமா வீட்டில் இருக்கிறாள். மாமா குடித்துவிட்டு வருகிற ராத்திரிகளில் அவளுக்குப் பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகைதான் படுக்கை. போன தடவை பார்க்க வந்தபோது, “எப்பக்கா என்னைக் கூட்டிக்கிட்டுப் போவ?” என்பதைத் தவிர அவள் வேறெதுவும் பேசவில்லை.

“நல்லா சொல்றேன் டீச்சர்.”

முதலில் வேன் வந்தது. சாம்பார் அண்டா, வடைக் கூடை, பாயசத் தவலை என்று ஒவ்வொன்றாக இறங்கின. கடைசியாகக் கண்ணாடிச் சட்டம் போட்ட பெரிய போட்டோ ஒன்றும் இறங்கியது. கழுத்தில் மாலையோடு ஒரு பெரியவர். கூடத்தின் நடுவில் நாற்காலி போட்டு அதில் சாய்த்து வைத்தார்கள்.

கவிப்ரியா சமையல்காரரிடம் ஓடினாள்.

“போட்டோவுல இருக்கிற ஐயா பேரு என்னங்க?”

“பஞ்சநதம்.”

பேர் சொல்லிப் பிரார்த்தனை செய்தால் இன்னும் நன்றாக இருக்கும். அவள் அதை இரண்டு தரம் முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டாள்.

வாசலில் கார் நின்றது. பஞ்சநதம், மனைவி தங்கமணி, சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த மகன் பிரபு மூவரும் இறங்கினார்கள். தங்கமணியின் கழுத்தில் புதுத் தாலிச்சரடு, மஞ்சள் இன்னும் மங்கவில்லை. போன வெள்ளிக்கிழமைதான் திருக்கடையூரில் இரண்டு பேருக்கும் அறுபதாம் கல்யாணம் நடந்திருந்தது.

“அந்தப் போட்டோ கோயில்ல எடுத்தது டீச்சர். மாடி முடிஞ்சதும் அங்க மாட்டிடுங்க” என்றான் பிரபு.

“பேஷா மாட்டிடலாம் தம்பி” என்று மாலதி டீச்சர் அவர்களை உள்ளே அழைத்துப் போனார்.

அதற்குள் இலை போட்டுப் பரிமாறியாகிவிட்டது. பிள்ளைகள் எழுந்து நின்று கண்ணை மூடியிருந்தார்கள். கவிப்ரியா கை கூப்பினாள். டீச்சர் கேட்டபடியே குரல் கணீரென்று இருந்தது.

“இறைவா, எங்களுக்கு இன்று உணவளிக்கும் குடும்பத்தாரின் துயரத்தில் நாங்களும் பங்கு கொள்கிறோம். மறைந்த பஞ்சநதம் ஐயா அவர்களின் ஆன்மா சாந்தியடைய அருள் புரிவாயாக.”

“அருள் புரிவாயாக” என்றார்கள் எல்லாப் பிள்ளைகளும்.

தங்கமணி தாலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“அம்மா, சின்னப் பிள்ளைங்க, ஏதோ வாய் தவறி...” என்று மாலதி டீச்சர் அவரைத் தூக்கிவிடக் குனிந்தார்.

“வாய் தவறியா? பேரைச் சொல்லியில்ல கொல்லுது? ஏங்க, கிளம்புங்க. இந்த இடத்துல என்னால நிக்க முடியல.”

பஞ்சநதத்தின் முகம் கறுத்துவிட்டது. “நல்ல காரியம்னு நெனச்சு வந்தேன் டீச்சர். மாடிப் பேச்சை இத்தோட விட்டுடுங்க.”

“அப்பா, பாவம்ப்பா...”

“நீ வண்டிய எடு பிரபு.”

கெஞ்சிக்கொண்டே டீச்சர் கார் வரைக்கும் போனார். யாரும் கண்ணாடியை இறக்கவில்லை. போட்டோவும் காரோடு போய்விட்டது.

திரும்பி வந்த வேகத்தில் கவிப்ரியாவின் கன்னத்தில் ஓர் அறை விட்டார்.

“உயிரோட வந்து நிக்கிற மனுஷனுக்கு அந்தப் பிரார்த்தனையையா சொல்லுவ? உன் தங்கச்சி தலையில நீயே மண்ணை அள்ளிப் போட்டுட்டியேடி.”

அந்த வரிகளை அவளுக்கு மனப்பாடம் பண்ண வைத்ததே மாலதி டீச்சர்தான். வேறொன்று சொல்லித்தரத் தேவைப்பட்டதில்லை.

“போட்டோவுல இருந்தவரா டீச்சர் அவரு?” கவிப்ரியாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அழக்கூட வரவில்லை. “எனக்குத் தெரியாது டீச்சர். அவங்க வீட்டுத் தாத்தா திதிக்கு வருஷா வருஷம் வேன் மட்டும் வருமே, அதே வேன். அதே மாதிரி போட்டோ.”

“வடை பாயசத்தைப் பார்த்தாவது வீட்டுல ஏதோ விசேஷம்னு தோண வேண்டாமா?”

“விசேஷத்துக்கு நம்மளக் கூப்பிட மாட்டாங்களே. போன ஆவணியில அவங்க வீட்டு அண்ணன் கல்யாணம் எதிர் மண்டபத்துலதான் நடந்துச்சு. மேளச் சத்தம் கேட்டுக்கிட்டே நாம ரசம் சோறு சாப்பிட்டோம்.”

பாயசம் இலையில் பாதி தூரம் ஓடி ஆறிக்கொண்டிருந்தது. கவிப்ரியா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“யாராச்சும் செத்தாத்தானே டீச்சர் நமக்குப் பாயசம் வரும்?”