அம்மாவோடு பார்த்த படம்

இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் காதலிக்கும் சிரிப்புப் படம் அது. ஜமுனாமரத்தூரிலிருந்து அம்மா சாந்தம்மாளைக் கெஞ்சிக் கூட்டி வந்திருந்தாள் கோகிலவாணி. போளூர் தியேட்டரை விட்டு வெளியே வந்ததும் மெதுவாகக் கேட்டாள்.

"படம் எப்டிம்மா இருந்துச்சு?"

"நல்லாத்தான் கீது."

"அந்தப் பொண்ணு மாதிரிதாம்மா நானும். நம்ம சிவசங்கரி மேல..."

"தெரியும்டி. போன வாரமே இந்தப் படத்துக்கு என்னை ஒருத்தி இட்டாந்தா."

"யாரும்மா?"

"சிவசங்கரியோட அம்மாதான். உங்க விஷயத்த எங்கிட்ட எப்டிச் சொல்றதுன்னு தெரியாம, படம் முடிஞ்சதும் அழுதுட்டா."

கோகிலவாணிக்கும் கண் கலங்கியது. "நீ இன்னாம்மா சொன்ன?"

"இதுக்குப் போய் இன்னாத்துக்கு அழுவுற, சம்பந்தின்னேன்."